குடைக்கு நிற்காத வண்டி

தானோடும் வண்டிகளின் சாரதி இருக்கையில் அமர்ந்து, ஓட்டாமல் ஓட்டும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன மாதம் உங்களில் மூன்று பேர் வீட்டுக்கு வந்து, "அங்கிள், உங்கட அனுபவத்தைக் கொஞ்சம் எழுதித் தாங்கோ, எங்களுக்கு உதவியா இருக்கும்" என்று கேட்டீர்கள். மூவரும் ஒரே மாதிரிப் பனியன் போட்டிருந்தீர்கள். முதுகில் 'பாதுகாப்பே முதலில்' என்று இத்தாலிய மொழியில் பெரிதாக எழுதியிருந்தது. எங்கள் காலத்திலும் அதை முதுகில்தான் எழுதினார்கள். போட்டிருப்பவனால் வாசிக்க முடியாத இடத்தில் எழுதிவிட்டால் நிறுவனத்துக்கு ஒரு தொல்லையும் இல்லை.

கணினியைப் பற்றி உங்களுக்குச் சொல்லித் தர என்னிடம் ஒன்றுமில்லை. நீங்கள் படித்த பிள்ளைகள். நான் எழுதப் போவது ஒரு காலைப் பற்றி, என்னுடைய வலது காலைப் பற்றி. அது ஒரு கோடையில் மூன்று கிழமை செய்த காரியத்தால் இத்தாலியின் பலேர்மோ நகரில், மொண்டெல்லோக் கடற்கரை வீதியில் ஒரு சக்கர நாற்காலியும், அதில் இருந்த மூதாட்டியும், அதைத் தள்ளி வந்தவளும் வண்டிக்கு அடியில் போகப் பார்த்தார்கள். தள்ளி வந்தவள் என் மனைவி.

நான் இந்த வேலைக்கு எடுபட்ட விதத்திலேயே எல்லாம் தொடங்கிவிட்டது. இலங்கையில், ஊரில் மினிபஸ் ஓட்டியவன் நான். பலேர்மோவுக்கு வந்த பிறகு இருபது வருடத்துக்கு மேல் ஒரு வழக்கறிஞர் வீட்டில் வேலை. கார் ஓட்டுவேன், சந்தைக்குப் போவேன், விருந்தாளிகள் வந்தால் வெள்ளைக் கையுறை போட்டுப் பரிமாறுவேன். கோப்பையில் விளிம்பு உடைந்திருந்தால் உடைந்த பக்கம் விருந்தாளியின் கண்ணில் படாதபடி திருப்பி வைப்பேன். ஒருவரும் சொல்லித் தரவில்லை. வீட்டு வேலைக்கு வந்த எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அது தானாக வந்துவிடும். குறையை முதலாளி காண்பதற்கு முன் மூடிவிடுகிறவன்தான் நல்ல வேலைக்காரன் என்று பெயர் எடுப்பான்.

வழக்கறிஞருக்கு எண்பது தாண்டியதும் கண் மங்கிவிட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தானேதான் கார் ஓட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்பார். நான் பக்கத்து இருக்கையில் இருப்பேன், என் இடது கை கைப்பிரேக்கில் இருக்கும். அவர் ஏதோ பழைய வழக்கைப் பற்றி உற்சாகமாகக் கதைத்துக்கொண்டு சந்தியை நோக்கிப் போவார். நான் கைப்பிரேக்கை இரண்டு பல் மேலே தூக்குவேன். கார் சாதுவாக வேகம் குறையும். "பாத்தியா, இந்தக் காருக்கு என்ர மனம் தெரியும்" என்பார். "ஓம் ஐயா" என்பேன். விபத்தே இல்லாத ஓட்டுநர் என்று சொல்லிச் சொல்லி இரண்டு முறை உரிமத்தையும் புதுப்பித்தார். பலேர்மோவிலேயே சிறந்த சாரதி தான்தான் என்ற நம்பிக்கையோடு கட்டிலில் நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

அவர் போய், பிள்ளைகள் வீட்டை விற்று, நான் சும்மா இருந்தபோதுதான் வடக்கிலிருந்து ஒரு நிறுவனம் வந்தது. மொண்டெல்லோவில் கார் நிறுத்துமிடத்திலிருந்து கடற்கரைச் சதுக்கம் வரை ஆட்களை ஏற்றி இறக்க, தானோடும் சிறிய வான் ஒன்றைப் பரீட்சை பார்க்கப் போகிறார்களாம். சாரதி இருக்கையில் ஒரு மனிதர் இருந்து கவனிக்க வேண்டும். நீண்ட கால அனுபவமும் விபத்தில்லாத பதிவும் வேண்டும் என்றார்கள். பலேர்மோவில் இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது கடினம். நேர்முகத்தில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை, வழக்கறிஞரின் கைப்பிரேக் கதையைப் பகிடியாகச் சொன்னேன். திட்டத் தலைவர் கண்ணீர் வரச் சிரித்துவிட்டு அங்கேயே எனக்கு வேலை தந்தார். அந்தக் கதையைக் கேட்ட நிமிடமே அவர் என்னைக் கதவைக் காட்டி அனுப்பியிருக்க வேண்டும்.

திட்டத் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆவணி வெயிலிலும் நீலக் கோட்டைக் கழற்றாத மனிதர். 'பாதுகாப்புக் கலாசாரம்' என்ற சொல்லை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வார் என்று நாங்கள் எண்ணத் தொடங்கி, பிறகு களைத்து விட்டுவிட்டோம். நகரின் மறுகோடியில் பிரான்காச்சோவில் வாடகைக்கு எடுத்த ஒரு பட்டறைக் கொட்டகையில்தான் வான் நின்றது. அங்கே சுவரில் அவர் ஒரு பலகை மாட்டியிருந்தார். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது மனிதர் பிரேக்கை மிதித்தாலோ ஸ்டியரிங்கைப் பிடித்தாலோ அது ஒரு 'குறுக்கீடு'. பலகையில் ஒவ்வொரு சாரதியின் பெயருக்கும் எதிரே அவருடைய குறுக்கீடுகள் சிவப்புக் கோடுகளாக ஏறும். கோடு குறைந்தவருக்கு வெள்ளிக்கிழமை ஒரு தட்டு கன்னோலி இனிப்பு. குறுக்கீடு குறைந்தால் வண்டி நன்றாக ஓடுகிறது, வண்டி நன்றாக ஓடினால் வீதி பாதுகாப்பானது. இதுதான் அவருடைய கணக்கு. அடுப்பை எத்தனை தடவை அணைத்தோம் என்று மட்டும் எண்ணி, கறி கருகியதா இல்லையா என்று பார்க்காமல் விடுகிற சமையல்காரரின் கணக்கு அது.

சாரதிகள் நாங்கள் இரண்டு பேர். மற்றவர் நகர பஸ்ஸில் முப்பது வருடம் ஓட்டி இளைப்பாறிய பலேர்மோக்காரர். வாய் கொஞ்சம் நீளம். அவர் பிரேக் போட்டால் வண்டி தலைகுத்தி நிற்கும். கூடவே ஒரு வசவு வரும். பிறகு சட்டைப் பையிலிருந்து சின்னக் கொப்பியை எடுத்து, எந்த இடம், எத்தனை மணி, யார் குறுக்கே வந்தது என்று எழுதுவார். அவருடைய பெயருக்கு எதிரே பலகை சிவந்துபோய்க் கிடக்கும்.

வண்டிக்கு முதல் மாதம் எல்லாவற்றுக்கும் பயம். புறாவுக்கு நிற்கும், காற்றில் உருளும் கடதாசிப் பைக்கு நிற்கும். கார் நிறுத்த இடம் காட்டிப் பிழைக்கிற ஒருவர் சதுக்கத்தில் நின்று கையை ஆட்டினால் அவருக்கு முன்னால் அடங்கி ஒடுங்கி நிற்கும். அவர் "வா, வா" என்று கூப்பிட்டாலும் அசையாது. "இந்த வண்டிக்கு மரியாதை தெரியாது" என்று அவர் என்னோடு சண்டைக்கு வந்தார். நான் மடியில் கையை வைத்துக்கொண்டு சிலை மாதிரி இருந்தேன். இந்த ஊரில் வீதியைக் கடப்பது கண்ணால் நடக்கிற காரியம். கடப்பவர் சாரதியின் கண்ணைப் பார்ப்பார், சாரதி தலையை ஓர் இம்மி அசைப்பார், விசயம் முடிந்தது. எங்கள் வண்டிக்குக் கூரையில் சுழலும் கருவி இருந்தது, மூலைக்கு மூலை கமரா இருந்தது, ஆனால் யாரும் பார்க்கக்கூடிய கண் இருக்கவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய கரைச்சல் குடை. கோடையில் மொண்டெல்லோவுக்கு வருகிற குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு கடற்கரைக் குடையைத் தோளில் சுமந்து வரும். விரித்தது, மடித்தது, காற்றில் பறக்கப் பார்ப்பது என்று வீதியோரமெல்லாம் குடைதான். வண்டி ஒவ்வொன்றுக்கும் நின்றது. நின்ற இடத்தில் பின்னால் ஹோர்ன் சத்தம் காது கிழியும். உள்ளூர்ப் பத்திரிகையொன்று எங்கள் வண்டியை வெயிலுக்குப் பயந்த வண்டி என்று எழுதியது. திட்டத் தலைவர் அதைப் படித்துக் கொதித்துப்போய், வடக்கில் இருந்த நிரல் எழுதுகிறவர்களுக்குத் தொலைபேசி எடுத்தார். இரண்டு நாளில் அங்கிருந்து திருத்தம் வந்தது. வீதியோரத்தில் குடை வடிவில் எது தெரிந்தாலும் வண்டி அதைப் பொருட்படுத்தாது. அவர்கள் எழுதியது கண்ணாடிக்குப் பின்னால் குளிர்சாதன அறையில் இருந்து. குடைக்குக் கீழே ஆள் இருக்கும் என்பது அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாததற்கு நான் அவர்களை ஏசலாம், ஆனால் குடைக்குக் கீழே யார் வருவார் என்று தெரிந்த ஒரே ஆள் நான், சாரதி இருக்கையில்தான் இருந்தேன்.

என் மனைவி வண்டி ஓடுகிற அந்தக் கடற்கரை வீதியில் ஒரு வீட்டில் மூதாட்டி ஒருவரைப் பராமரிக்கும் வேலையில் இருந்தாள். அந்த அம்மாவை மரியாதையாகச் சிஞ்ஞோரா என்போம். அவர் காலை கோப்பி குடித்து முடிய, சரியாகப் பத்து மணி பத்து நிமிடத்துக்கு, சக்கர நாற்காலியில் வைத்துக் கடல் பார்க்கக் கூட்டிப் போக வேண்டும். நடைபாதை முழுக்கக் கார்கள் ஏறி நிற்கும் என்பதால் வீதியில் இறங்கித்தான் தள்ளுவாள். வெயில் படக்கூடாது என்று சிஞ்ஞோரா கத்துவார். அதனால் மனைவி ஒரு பெரிய குடையை நாற்காலியின் முதுகில் துணிக் கயிற்றால் கட்டியிருந்தாள். குடை முன்னுக்குச் சரிந்து நாற்காலியையே மூடிவிடும். ஐஸ்கிரீம் விற்கும் வானுக்கும் அடுத்த காருக்கும் இடையில் இருந்து அது வெளியே வரும்போது குடையொன்று தனியாக நடந்து வருகிற மாதிரித்தான் தெரியும்.

எனக்குத் தெரியும், அந்த மூலையில் பத்து பத்துக்கு யார் வருவாள் என்று. அதனால் வண்டி அங்கே போகுமுன்பே என் கால் பிரேக்கைத் தொட்டுவிடும். மிதிக்கவில்லை, தொடுதல் மட்டும். அப்படித் தொட்டபோது ஒன்று கண்டுபிடித்தேன். கொஞ்சம் அழுத்தினால்தான் கணினி அதைக் குறுக்கீடு என்று பதியும். இலேசாகத் தொட்டால் வண்டி வேகம் குறையும், பதிவில் ஒன்றும் ஏறாது. கைப்பிரேக்கின் இரண்டு பல் திரும்பவும் என் கைக்கு, இல்லை, காலுக்கு வந்துவிட்டது. பிறகு அந்த மூலையில் மட்டும் இல்லை, பள்ளிக்கூடச் சந்தி, பந்து விளையாடுகிற பிள்ளைகள், இடக்கு முடக்கான மோட்டார் சைக்கிள்காரன் என்று எல்லா இடத்திலும் தொட்டேன். வண்டி தடுமாறுவதற்கு முன்பே அதைத் தாங்கிப் பிடித்துவிடுவேன். அது தடுமாறியிருக்குமா என்று ஒருதரம்கூடப் பார்த்ததில்லை.

என் பெயருக்கு எதிரே பலகை வெள்ளையாகவே இருந்தது. மூன்று கிழமை தொடர்ந்து கன்னோலி எனக்குத்தான். திட்டத் தலைவர் என் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். இலங்கைக்காரரின் பொறுமையை எல்லோரும் பழக வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னார். எனக்கும் தலை கொஞ்சம் வீங்கித்தான் போயிற்று, பொய் சொல்லக் கூடாது.

பஸ்காரருக்கு நடந்ததைக் கேளுங்கள். அவருக்கு வண்டியில் நம்பிக்கை போதாது என்று சொல்லி, ஒரு ஹோட்டல் அறையில் இரண்டு நாள் நம்பிக்கைப் பயிற்சி கொடுத்தார்கள். ஆட்களைக் காணாத வண்டிக்குப் பயிற்சி இல்லை, ஆட்களைக் கண்டு பிரேக் போட்ட மனிதருக்குப் பயிற்சி. திரும்பி வந்த முதல் நாளே ஆறு கோடு. அதோடு ஒப்பந்தம் முடிந்தது என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். போகும்போது என்னிடம் வந்தார். முந்திய கிழமை என் பின்னால் இருந்து ஒரு தடவை பயணம் செய்தவர் அவர்.

"நீ பிரேக்கை நல்லாத்தான் தொடுறாய்" என்றார். "ஆனா தொட்டதை ஏன் ஒளிக்கிறாய்? நான் மிதிச்சா ஊருக்கே கேக்கும். நீ மிதிச்சா உன்ர சப்பாத்துக்குக்கூடத் தெரியாது."

நான் சிரித்து மழுப்பினேன். அவர் போன பிறகு அந்த வாரக் கன்னோலியை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியோடு சாப்பிட்டேன். இந்தத் தொழிலில் எனக்கு வழிகாட்டி யார் என்று கேட்டால், அவரைத்தான் சொல்வேன். அவர் வழி காட்டிய நேரத்தில் என் வாய் நிறைய இனிப்பு இருந்தது.

அடுத்த கட்டம் வந்தது. நகரசபைப் பெரியவர்கள் முன்னிலையில், சாரதி இருக்கை காலியாக, வண்டி தனியே ஓட வேண்டும். வழமையான பாதையில், வழமையான நேரத்தில். அதற்கு முன் நான் ஒரு பத்திரத்தில் ஒப்பமிட வேண்டும். 'கடந்த மூன்று கிழமையில் வண்டியின் ஓட்டத்தில் ஆபத்தான எதையும் நான் காணவில்லை.' ஒப்பமிட்டால் எனக்கு நிரந்தர வேலை. அது வந்தால் மனைவி முழங்கால் வலியோடு நாற்காலி தள்ளுவதை விட்டுவிடலாம் என்று நாங்கள் இரண்டு பேரும் ஏற்கனவே கதைத்து முடித்திருந்தோம். அவள் பெல்லெக்ரினோ மலையேறி, இந்த ஊரைக் காக்கும் புனிதர் சாந்தா ரொசாலியாவுக்கு நேர்த்தியும் வைத்துவிட்டாள்.

பொறியியலாளர் ஒருவர் எங்களோடு இருந்தார். கத்தானியாப் பக்கத்துப் பிள்ளை, முப்பது வயதிருக்கும். பட்டம் பெற்ற பெண் என்பதால் எல்லோரும் மரியாதையாகத் தொத்தொரெஸ்ஸா என்றே கூப்பிடுவோம். ஒரு பின்னேரம் பிரான்காச்சோவிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது என் பக்கத்தில் வந்து இருந்து கணினியைத் திறந்தார். கடல் அலை போல ஒரு கோடு. நடுவில் சின்னச் சின்னப் பள்ளங்கள்.

"இது வண்டியின்ர வேகம்" என்றார். "இந்தப் பள்ளங்களில வண்டி மெதுவாகியிருக்கு. ஆனா மெதுவாக வேணும் எண்டு வண்டி நினைக்கவே இல்லை. நான் பாத்திட்டன், அதின்ர மூளையில ஒண்டுமில்லை."

"காத்தா இருக்கும்" என்றேன்.

"காத்து ஒவ்வொரு நாளும் பத்து பத்துக்கா வரும்?"

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"நான் உங்களில பிழை சொல்ல வரேல்லை. நாளைக்கு ஒரு தரம் உங்கட காலில்லாம ஓடிப் பாப்பம். நான் பின்னால, வண்டியை உடன நிப்பாட்டுற சிவப்புப் பொத்தானோட இருப்பன். பத்து பத்துக்கு அந்த மூலையில என்ன இருக்கு? எனக்குத் தெரிய வேண்டியது ஏதும் இருக்கா?"

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை இன்று வரை விழுங்க முடியவில்லை. "ஒண்டுமில்லை" என்றேன். ஏன் சொன்னேன் என்று உங்களுக்கு விளங்கப்படுத்துகிறேன். சக்கர நாற்காலியை வீதியில் இறக்கவே கூடாது என்று சிஞ்ஞோராவின் மகன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். என் மனைவி இறக்குகிறாள் என்று வெளியே தெரிந்தால் அவளுடைய வேலை போகும். அவளுடைய பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே தங்கும் அனுமதி, அந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது, குவெஸ்தூராவில், பொலிஸ் கந்தோரில், புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். இன்னொன்றும் உண்டு. வண்டி எப்படியும் நிற்கும் என்று நான் உண்மையாகவே நம்பினேன். நான் சும்மா உதவிதானே செய்தேன், அது கொஞ்சம் பிந்தி என்றாலும் தானே நின்றுவிடும் என்று நினைத்தேன். அது போதாவிட்டாலும், என் மனைவி வீதியைக் கடக்கிற விதம் எனக்குத் தெரியும். வலம் பார்த்து, இடம் பார்த்து, திரும்பவும் வலம் பார்த்து, கடவுளையும் கும்பிட்டுவிட்டுத்தான் அவள் காலை வைப்பாள். அவளோடு கடைக்குப் போனால் ஒரு வீதியைக் கடக்க எனக்கு ஒரு தேநீர் குடிக்கிற நேரம் பிடிக்கும்.

மறுநாள் சாரதி இருக்கையில் பட்டியைக் கட்டிக்கொண்டு, கால் தன் பாட்டில் பிரேக்குக்குப் போய்விடாமல் இருக்கச் சப்பாணி கட்டி இருந்தேன். சாப்பாட்டுப் பந்தியில் இருக்கிற மாதிரி. வீதியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு மூதாட்டி சிலுவைக் குறி போட்டார். பள்ளிக்கூடச் சந்தியில் வண்டி தானாக நின்றது. பந்துக்கும் நின்றது. எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் வெட்கம். இவ்வளவு நாளும் தேவையில்லாமல் தொட்டிருக்கிறேனே என்று நினைத்தேன். தொத்தொரெஸ்ஸா பின்னால் இருந்து, "நல்லாத்தானே ஓடுது" என்றார்.

ஐஸ்கிரீம் வான் தெரிந்தது. அதற்கு அப்பால் குடையின் விளிம்பு, பிறகு குடை முழுவதும், வீதிக்குள். வண்டி வேகம் குறையவில்லை. திரையில் அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் வந்தது. பொருட்படுத்தத் தேவையில்லாதவற்றுக்கு அதுதான் நிறம். தொத்தொரெஸ்ஸா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே ஒன்றுமில்லை என்று நான்தானே சொல்லியிருந்தேன். நான் காலைப் பிரித்து எடுக்கப் பார்த்தேன். அந்த வயதில் சப்பாணியை அவிழ்க்க ஒரு யுகம் வேண்டும். கால் வரவில்லை, கைதான் போனது. கைப்பிரேக்கை இரண்டு பல் இல்லை, உடைகிற அளவுக்கு இழுத்தேன். அதோடு பின்னால் சிவப்புப் பொத்தானும் விழுந்தது.

வண்டி வால் சுழற்றி நின்றது. குடைக்கம்பி முன் கண்ணாடியில் முட்டிக்கொண்டு நின்றது. குடைக்குக் கீழே இருந்து சிஞ்ஞோரா பலேர்மோ பாசையில் என் பரம்பரையை விசாரித்தார். அவருக்கு ஒரு கீறலும் இல்லை. மனைவிக்கும் இல்லை. ஆனால் நான் கண்ட ஒன்றை இன்னும் மறக்கவில்லை. வண்டி நிற்பதற்கு முன்பே, எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்காமலே, அவள் வலது கையை உயர்த்தியிருந்தாள். தெரிந்தவருக்கு நன்றி சொல்லும்போது உயர்த்துவது போல.

தொத்தொரெஸ்ஸா இறங்கி வீதியோரத்தில் குந்தி இருந்துவிட்டார். "ஒண்டுமில்லை எண்டு சொன்னனீங்கள்" என்றார். எல்லாவற்றையும் அங்கேயே சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்தவை அலுவலகக் கதை, கெதியாகச் சொல்லி முடிக்கிறேன். ஒப்பமிடும் பத்திரத்தை நான் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்தேன். கீழே இப்படி எழுதினேன்: 'இந்த வண்டி குடைக்குக் கீழே இருக்கும் மனிதரைக் காணாது. மூன்று கிழமை அதற்காகப் பிரேக் தொட்டது நான்.' திட்டத் தலைவர் முகம் செத்துப்போயிற்று. முதல் தரம் அந்த நீலக் கோட்டைக் கழற்றினார்.

"நீங்கள் என்னை ஏமாத்தியிருக்கிறீங்கள்" என்றார்.

"ஓம்" என்றேன். "நீங்கள் அதுக்குக் கன்னோலி தந்தனீங்கள்."

பெரியவர்களுக்கான ஓட்டம் நடந்தது. மொண்டெல்லோவில் இல்லை, துறைமுகத்தில் கப்பல் பயணிகள் வராத ஒரு மூலையில், கூம்புகளுக்கு நடுவே. வெயிலானாலும் அங்கே ஒருவரையும் குடை பிடிக்க விடவில்லை. படங்கள் நன்றாக வந்தன. பிறகு ஓர் அறிக்கை வந்தது. அதில் மொண்டெல்லோச் சம்பவத்துக்குக் காரணம் 'மனிதத் தவறு' என்று ஒரே வரியில் இருந்தது. எனக்கு வேலை போயிற்று. பஸ்காரர் என்னைக் கூட்டிப்போய் பொரித்த சோற்றுருண்டை, அரஞ்சீனி, வாங்கித் தந்து, வயிறு குலுங்கச் சிரித்தார். "வா, இப்ப உனக்கும் நம்பிக்கை போதாது" என்றார்.

தொத்தொரெஸ்ஸாவும் அந்த நிறுவனத்தை விட்டு வடக்கே வேறொரு சோதனைத் தளத்துக்குப் போனார். அடுத்த வருடம் என்னையும் கூப்பிட்டார். அங்கே அவர் முதலில் செய்த வேலை, பிரேக்கில் தூசி விழுந்தாலும் பதிகிற மாதிரி அமைத்தது. இரண்டாவது வேலை, பலகை மாட்ட வந்தவரைத் திருப்பி அனுப்பியது. உங்கள் வண்டிகளில் காலை வைத்தாலே திரையில் மஞ்சள் புள்ளி விழுகிறது என்று நீங்கள் அலுத்துக்கொள்கிறீர்களே, அது என் கால். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். அங்கே வந்த புதியவர்களிடம் நான் கேட்ட முதல் கேள்வி, நீ வீட்டில் யாருடைய குறையை மூடுகிறாய் என்பது. சிரிப்பார்கள். இரண்டாம் கிழமை சிரிப்பு நின்றுவிடும்.

'மனிதத் தவறு' என்று அவர்கள் எழுதியதற்கு நான் நெடுநாள் பொருமிக்கொண்டிருந்தேன். குடையைப் பொருட்படுத்தாதே என்று எழுதியவனும் மனிதன்தானே, அவனுடைய தவறு எங்கே என்று கேட்பேன். அது நியாயமான கேள்விதான். ஆனால் என் பங்கு எவ்வளவு என்று எனக்கு எந்த அறிக்கையும் சொல்லவில்லை. அதைச் சொன்னது என் மனைவி, சம்பவம் நடந்த அன்று பின்னேரமே.

வேலை முடிந்து அவளும் நானும் மொண்டெல்லோவிலிருந்து பஸ்ஸில் திரும்பினோம். பஸ் மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. சிஞ்ஞோராவின் மகன் ஒன்றும் சொல்லவில்லை என்றாள். சிஞ்ஞோரா தன்னுடைய குடை வளைந்ததற்கு மட்டும்தான் கோபமாம். நான் கேட்கவேண்டியதைக் கேட்டேன்.

"இஞ்சேர், நீ பாக்காம ஏன் இறங்கினனி? மூண்டு தரம் பாத்திட்டுத்தானே காலை வைப்பாய்?"

"அது முந்தி" என்றாள். "ரெண்டு கிழமையா நான் பாக்கிறேல்லை. அந்த வண்டிதான் என்னைக் கண்டவுடன நிக்குதே. மற்ற வண்டியள் மாதிரி இல்லை, நல்ல வண்டி. நானும் ஒவ்வொரு நாளும் கை காட்டுறனான்."

"நிண்டது அது இல்லை" என்றேன். "நான்தான் பிரேக்கைத் தொட்டனான். ஒவ்வொரு நாளும்."

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபம் வரவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டு, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அதை எனக்குச் சொல்லியிருக்கலாமே. நான் பாத்துக் கடந்திருப்பன்."